பொய் சொல்லாத போர்வெல்

தனப்பிரியாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவள் அம்மா சௌந்திரம் இன்றைக்கும் "சேலத்துல பொம்ம செய்யறாளுங்க" என்றுதான் சொல்வார். அதில் தப்பும் இல்லை. அருங்காட்சியகங்களிலும் பூங்காக்களிலும் ஜனங்கள் தொட்டு, அமுக்கி, இழுத்துப் பார்க்கிற பொருள்களை வடிவமைக்கிறவள் அவள். அந்த வேலைக்கு மேச்சேரிப் பக்கம் இன்னும் பேர் வைக்கவில்லை.

நான் தமிழ்ச்செல்வி. இரும்பாலை ரோட்டில் அவள் வைத்திருக்கும் பட்டறையில் ஃபைபர் அச்சு எடுப்பதும் பெயிண்ட் அடிப்பதும் என் வேலை. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவள் என்பதால் அவளைத் திட்டுவதும் என் வேலைதான். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

தனப்பிரியா நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளி ஒன்றில் படித்தவள். பாடத்தை மனப்பாடம் செய், ஆய்வகத்தில் எதையும் தொடாதே, உடைந்தால் அபராதம் என்று வளர்த்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தில்தான் தொட்டால் மட்டுமே வேலை செய்கிற சாமான்களாகச் செய்ய ஆரம்பித்தாளாம். பெங்களூரில் ஒரு கம்பெனியில் தொழில் கற்றுக்கொண்டு, நம் ஊருக்கும் கலை வேண்டும் என்று திரும்பி வந்துவிட்டாள். ஊர் கேட்டதா? கேட்கவில்லை.

முதல் வேலை, பஸ் நிற்கிற இடத்தில் பாடுகிற பெஞ்சு. முன்பின் தெரியாத இரண்டு பேர் உட்கார்ந்து கையைக் கோத்துக்கொண்டால் இசை வரும். மனிதர்களுக்கிடையே நெருக்கம் வளருமாம். "அடியே, சேலத்துல பஸ் ஸ்டாப்புல எவ கையை எவன் புடிப்பான்?" என்று அப்போதே தலையில் அடித்துக்கொண்டேன். காதலர்கள் மட்டும் வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே போலீஸ் வந்தது. இசையைப் பிடுங்கிவிட்டார்கள், பெஞ்சு இருக்கிறது. இப்போது அதில் பூக்காரம்மா ஒருத்தி கூடையை வைத்துக்கொள்கிறாள்.

அதற்குப் பிறகு கல்யாண மண்டபத்தில் போட்டோ எடுக்கச் சிறகு, நகைக்கடைக்குத் தலையாட்டும் மயில் என்று வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் நகரத்துப் பூங்கா ஒன்றில் தண்ணீருக்கென்று ஓர் அருங்காட்சியகம் வைக்கப் போகிறார்கள், அதற்குள் பெரிய காட்சிப்பொருள் ஒன்று வேண்டும் என்று செய்தி வந்தது. தனப்பிரியா அன்றைக்கு ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

காரணம் அவள் அப்பா ராசப்பன். மேச்சேரிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. கூப்பிடு தூரத்தில் மேட்டூர் அணை. தோப்புக்கு மட்டும் தண்ணீர் கிடையாது. மூன்று போர் போட்டார். முதல் போருக்கு இடம் குறித்தவர் உள்ளங்கையில் தேங்காயை நிற்க வைத்துக் காட்டினார். இரண்டாவதுக்கு வேப்பங்கவட்டை. மூன்றாவதுக்கு வந்தவர் செம்புக் கம்பியோடு வந்தார், படித்தவராம். மூன்றிலும் பாறைப் புழுதி புகையாக எழும்பியதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. நம் பக்கத்தில் போர் தோற்றால் 'புகை வந்தது' என்று சொல்வோம். அதைச் சொல்லும்போது எந்த விவசாயியும் நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

"கண்ணை மூடிக்கிட்டு பூமியைக் குத்தறது சூதாட்டம்க்கா. அதை ஜனங்க கையாலயே செஞ்சு பாத்துப் புரிஞ்சுக்கணும்," என்றாள்.

செய்தோம். திருச்செங்கோட்டில் போர் போடுகிற பழைய ரிக் வண்டியின் கைப்பிடியும் குழாயும் வாங்கி வந்தோம். கைப்பிடியை இழுத்தால் தரை அதிரும். எதிர்ச் சுவரில் செம்மண், சுக்கான், கரும்பாறை என்று படம் கீழே கீழே இறங்கும். கடைசியில் குழாயிலிருந்து எப்போதாவது தண்ணீர் பீய்ச்சும், பெரும்பாலும் புகைதான். எது வரும் என்பதைக் கம்ப்யூட்டர் அந்தந்த நேரத்தில் தாயம் உருட்டுகிற மாதிரி தீர்மானிக்கும். புகைக்கு என்ன போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் மரவள்ளிக் கிழங்கு மாவைப் போட்டோம். சேலத்தில் அதற்கா பஞ்சம்?

திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. பொறுப்பாளர் கதிர்வேல் முந்தின நாளே பட்டறைக்கு வந்துவிட்டார்.

"முதல் இழுப்புக்கு மட்டும் தண்ணி வர்ற மாதிரி வெச்சுருங்கம்மா."

"முடியாதுங்க சார். மிஷினு பொய் சொல்லுச்சுன்னா அப்புறம் அருங்காட்சியகம் எதுக்குங்க?"

நான் அவளைக் கிள்ளினேன். கேட்கிற ஜென்மமா அது! பெரிய மனிதர் இழுத்தார். வெள்ளைச் சட்டையில் வெள்ளை மாவு தெரியவில்லை, நன்றாகச் சாயம் பூசிய மீசையில் தெரிந்தது. யாரோ வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு வர வேண்டிய அடுத்த வேலை கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் போனது.

அந்த வீடியோவால் கூட்டம் வந்தது. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை எதிர்பார்த்தால், பெரிய மனிதருக்கே பொய் சொல்லாத மிஷினாமே என்று வேட்டி கட்டின ஆட்கள் வந்தார்கள். ஓமலூர்க்காரர் ஒருவர் தன் காட்டு மண்ணைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து, அதைக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கைப்பிடியை இழுத்தார். புகை வந்தது. கும்பிட்டுவிட்டுப் போனார். ஊருக்குப் போய் ரிக் வண்டிக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டாராம். அடுத்த வாரம் அந்த ஊரே வந்து நின்றது.

கோயிலில் பூக் கேட்பார்கள் இல்லையா? வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, எந்தப் பூ கைக்கு வருகிறதோ அதுதான் உத்தரவு என்று எடுத்துக்கொள்வது. அதையே எங்கள் மிஷினிடம் செய்தார்கள். கேட்டில் ரிக் புரோக்கர்கள் விசிட்டிங் கார்டோடு நின்றார்கள். தேங்காய் நிற்க வைக்கிறவர் ஒருவர் வந்து, பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்று தனப்பிரியாவிடம் சண்டை பிடித்தார்.

அவளுக்கு வந்ததே கோபம். வரிசைக்கு முன்னால் போய் நின்று கத்தினாள்.

"அண்ணா, இது தாயம் உருட்டற மாதிரிங்க. என்ன வரும்னு செஞ்ச எனக்கே தெரியாதுங்க!"

முன்னால் நின்றவர் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்குளுக்கே தெரியாதுங்கறீங்க பாருங்க, அதுதானுங்க சத்தியம்."

"இதுல ஒண்ணுமே இல்லைங்கறேன்."

"எந்தச் சாமிங்க நாந்தான் சாமீன்னு சொல்லிக்குது?"

நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். தனப்பிரியா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கதிர்வேல் மட்டும் பரம சந்தோஷமாக, 'விவசாயப் பெருமக்களிடையே பெரும் வரவேற்பு' என்று மேலே எழுதிப் போட்டார்.

இந்த லட்சணத்தில்தான் சௌந்திரத்தின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"ஏங்கண்ணு, உங்கப்பன் ஆட்டையெல்லாம் சந்தையில வித்துப்போட்டு நாலாவது போர் போடறேங்கறாரு. அழுதும் பாத்துட்டேன், பட்டினி கிடந்தும் பாத்துட்டேன். புள்ளயோட மிஷின்ல கேக்கறேன், இல்லைன்னுச்சுன்னா உட்டுப்போடறேங்கறாரு. இல்லைன்னு சொல்ல வெச்சுரு சாமி."

அந்த ஆடுகள் சௌந்திரத்தினுடையவை. ஒவ்வொரு குட்டியையும் அவர்தான் காப்பாற்றி வளர்த்தார். தோப்பு கையை விரித்த பிறகு அந்த வீட்டில் அடுப்பெரிவது ஆட்டால்தான். அவற்றை விற்றுப் போட்ட போரிலும் புகை வந்தால் அவர்கள் இரண்டு பேரும் கூலிக்குத்தான் போக வேண்டும்.

தனப்பிரியா அப்பாவிடம் பேசினாள். நிலத்தடி நீர், பாறை, மழை என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொன்னா அது மக சொல்றது சாமி. ஆடு போயிருமேன்னு உங்கம்மாளுக்காவச் சொல்லுவ. மிஷினு சொன்னா அது பொது," என்று வைத்துவிட்டார்.

"ஒரு பட்டனை அமுக்கினா முடிஞ்சுது. புகைன்னு வெச்சுத் தொலை," என்றேன்.

"சாருக்கு வெக்க மாட்டேன்னு சொன்னேனேக்கா."

"அது மீசை. இது உங்க அம்மா வயிறு."

விரல் நகத்தைக் கடித்தாள்.

ராசப்பன் வந்தார். தலைக்குக் குளித்து, சலவை வேட்டி கட்டி, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்தார். மகள் செய்ததை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கைப்பிடியைத் தடவினார், சுவரைத் தட்டினார், "இதெல்லாம் நம்ம புள்ளையா?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் திரைக்குப் பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

அவர் இழுத்தார். தரை அதிர்ந்தது, பாறை இறங்கியது, புகை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார். புகை. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார். மனசு கேட்காமல், ஐயோ, தண்ணீரைத்தான் விட்டுத் தொலையேன் என்று நான் நினைத்தேன். புகைதான் வந்தது.

தனப்பிரியா வெளியே வந்தாள்.

"இது ஆளுக்குத் தகுந்தாப்பல மாத்திச் சொல்லுமா சாமி?"

"இல்லீங்கப்பா."

"அதுதானே. அத்தாச்சோட்டுப் பெரிய ஆளுக்கே வளைஞ்சு குடுக்கல. எனக்கா பொய் சொல்லப் போவுது!" என்று சிரித்தார். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது.

"சொல்லாதுங்கப்பா," என்றாள்.

ஆடுகள் பிழைத்தன. சௌந்திரம் ஒரு தூக்கு நிறைய ஆட்டுக்கறிக் குழம்பு கொடுத்தனுப்பினார். நான் சாப்பிட்டேன். அவள் தொடவில்லை.

அடுத்து நடந்ததை நாங்கள் இரண்டு பேருமே நினைத்துப் பார்க்கவில்லை. ராசப்பன் தோப்பை வெட்டிவிட்டார். தேங்காய், வேப்பங்கவட்டை, செம்புக் கம்பி எல்லாம் ஏமாற்றியபோதுகூட, அடியில் எங்கேயோ தண்ணீர் இருக்கிறது, குத்தின இடம்தான் தப்பு என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர். டேங்கர் தண்ணீர் வாங்கிக் குடம் குடமாக ஊற்றி, பாதி மரத்தையாவது பச்சையாக வைத்திருந்தார். "இல்லவே இல்லைன்னு தெளிவாத் தெரிஞ்சு போச்சு. அப்பறம் மரத்தை எதுக்குக் காய வெச்சுக் கொல்றது?" என்றாராம். லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் மகளுக்குச் சொன்னார்கள்.

மரம் போன பிறகு அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஆட்டுப் பக்கம் சௌந்திரம் விடவில்லை. மிஷினுக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆள் தேடிக்கொண்டிருந்த கதிர்வேல், "உங்க அப்பாவே இருக்கட்டும்மா, நமக்கும் நம்பிக்கையான ஆளு," என்று காக்கிச் சட்டை மாட்டிவிட்டார். தினமும் மேச்சேரி பஸ்ஸில் வருகிறார். ஒருநாள்கூட லீவு போட்டதில்லை.

போன வாரம் புகைக்கு மாவு நிரப்ப நானும் அவளும் திரைக்குப் பின்னால் இருந்தோம். வெளியே ஒருவர் நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்திருந்தார். மூன்று தடவை இழுத்தும் புகை வந்ததில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார் போல. ராசப்பன் குரல் கேட்டது.

"எந்திரிங்க. மாட்டைக் கீட்டை வித்துப்போடாதீங்க, அதுக பொழைக்கட்டும். இது என்ற மவ செஞ்சதுங்க. எனக்கே இல்லைன்னுதான் சொல்லுச்சு. பெத்த அப்பனுக்கே மறைக்காம சொல்லுச்சுன்னா பாத்துக்கங்களேன்."

அந்த ஆள் எழுந்து மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "அதும் சரிதானுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இனி போர் போட மாட்டார். ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு பூமியைக் குத்தக்கூடாது என்றுதானே இவள் ஆசைப்பட்டாள்.

தனப்பிரியா மாவு மூட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னிக்குப் பட்டனை அமுக்கினதை அப்பாகிட்டச் சொல்லிருடி. ஆடுதான் தப்பிச்சிருச்சே, இனி என்ன? திட்டினா திட்டட்டும்."

"திட்டறதைப் பத்தி ஒண்ணும் இல்லைக்கா," என்றாள். "சொல்லிட்டா, அத்தனை மரத்தையும் அவர் சும்மாவே வெட்டினதா ஆயிருமே."

இவ்வளவு காலம் அவளைத் திட்டிய நான் மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

திரைக்கு வெளியிலிருந்து ராசப்பன் குரல் கொடுத்தார்.

"கண்ணு, மாவு தீந்துபோச்சாட்ட இருக்குது. சீக்கிரம் போட்டுடு சாமி, அடுத்தவிய காத்துட்டு இருக்கறாங்க."