பாட்டுக்காரரும் மௌனசாமியாரும்

1. வெள்ளைத் திரை

மேட்னி ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் ஒரு தாய் வாசலில் நின்று, மகன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே ரீல் தீர்ந்துபோய், திரையில் வெறும் வெளிச்சம் மட்டும் விழுந்தது. தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. நான் பாய்ந்து போய் இரண்டாவது மெஷினைத் தட்டிவிட்டேன். அதை ஓட விடவேண்டிய இப்ராகிம் பாய் அந்த மெஷினுக்குப் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார்.

இரண்டாவது உலகச் சண்டைக்காலம் அது. மதுரையில் ஒரு டாக்கீஸில் நானும் இப்ராகிம் பாயும் ஆபரேட்டர்கள். எனக்கு அலங்காநல்லூர் பக்கம், விவசாயம் பார்க்கிற சம்சாரிக் குடும்பம். அவருக்குத் தெற்குவாசல், தகப்பனாருக்குப் பூட்டுக்கடை. இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் பல ரீல்களாக வரும். ஒரு மெஷினில் ரீல் முடியும்போது அடுத்த மெஷினை ஓட விடவேண்டும். எப்போது முடியும் என்று தெரிவதற்காக, ரீலின் கடைசியில் படத்தின் வலது மூலையில் ஆபரேட்டர்களே ஊசியால் ஒரு புள்ளி கீறி வைப்போம். திரையில் அது மின்னி மறையும். அதைக் கண்டதும் மாற்றவேண்டும். கவனம் தவறினால் திரை வெள்ளைதான்.

மேனேஜர் மூச்சிரைக்க மேலே எங்கள் கேபினுக்கு ஏறி வந்தார்.

"என்னய்யா, படம் ஓட்டுறீகளா, வேட்டி காயப் போடுறீகளா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா முதலாளிகிட்டச் சொல்லி ஆளை மாத்திருவேன், ஆமா!"

"கார்பன் சரியில்ல சார். அதைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்றார் பாய்.

மெஷினுக்கு வெளிச்சம் தருகிற கார்பன் குச்சி நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். ஆனாலும் அதைச் சரிசெய்வதுபோல நானும் குனிந்துகொண்டேன்.

2. எங்கள் சண்டை

அப்போது எங்கள் டாக்கீஸுக்கு அடிக்கடி இரண்டு டைரக்டர்களின் படங்கள் வரும். பெயரைச் சொல்லிப் பழைய கதையைக் கிளற விருப்பமில்லை. நாங்கள் வைத்த பட்டப்பெயர்களே போதும். ஒருவர் பாட்டுக்காரர், இன்னொருவர் மௌனசாமியார்.

நான் பாட்டுக்காரர் கட்சி. அவர் கேமராவை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டால் லேசில் நகர்த்தமாட்டார். நாடக மேடையைப் பார்ப்பதுபோல ஆள் தலை முதல் கால்வரை தெரிவார். கோபம் வந்தால் கோபம் என்று வசனத்தில் சொல்லிவிடுவார், துக்கம் வந்தால் பாட்டு. கதாநாயகன் கதவைத் திறப்பதற்கு முன்னாலும் ஒரு பாட்டு, திறந்த பிறகும் ஒரு பாட்டு. மேலூரிலிருந்து வண்டி கட்டி வந்து, பாதிப் படத்தில் நுழைந்து தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கும் கதை புரியும். யாரையும் வெளியே நிறுத்தாதவர் அவர். அதுதான் அவருடைய பலம் என்பேன்.

பாய் மௌனசாமியார் கட்சி. அந்த டைரக்டர் முகத்துக்கு முகம் கேமராவைக் கொண்டுபோவார். ஒரு கை நடுங்கும், ஒரு விளக்கு அணையும், பேச்சே இருக்காது. என்ன நடந்தது என்று ஜனங்களுக்கு வயிற்றுக்குள் தெரிந்துவிடும். பிலிம் தட்டுப்பாடு வந்து படத்தின் நீளத்தைக் குறைக்கச் சொன்னபோது, பாட்டுக்காரர் கைகால் வெட்டுப்பட்டவர் மாதிரி தவித்தார். மௌனசாமியார் அசரவே இல்லை.

"உங்க ஆளு படத்தைக் கண்ணை மூடிக்கிட்டே பாக்கலாம் மாப்ள. அதுக்கு எதுக்கு சினிமா? ரேடியோ போதாதா?" என்று பாய் என்னைச் சீண்டுவார்.

"உங்க ஆளுக்கு வாயில கொழுக்கட்டையா? ரெண்டு வார்த்தை பேசுனா என்னவாம்?" என்பேன்.

மௌனசாமியார் படத்தில் இருட்டுக் காட்சிகள் அதிகம். கார்பன் கொஞ்சம் விலகி எரிந்தாலும் திரையில் முகம் செத்துப்போகும். அதனால் அந்தப் படங்களுக்குப் பாய், கார்பன் எரிகிற அந்த ஆர்க் வெளிச்சத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் அதைப் பார்க்கவேண்டும். கண்ணாடி வழியாகச் சரியாகத் தெரியவில்லை என்று அதை ஒதுக்கிவிட்டு, நேராகவே பார்ப்பார். வேண்டாம் பாய் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "அந்தப் பொம்பளை முகம் தெளிவாத் தெரிய வேணாமா?" என்பார்.

3. மூலைப் புள்ளி

வெள்ளைத் திரை விழுந்தது அது முதல் தடவை அல்ல. யோசித்துப் பார்த்தபோது ஒன்று எனக்கு உறைத்தது. தவறியதெல்லாம் மௌனசாமியார் படங்களில்தான். பாட்டுக்காரர் படத்தில் பாய் ஒருமுறைகூடப் பிசகியதில்லை. பாட்டுக்காரர் படத்தில் ரீல் பெரும்பாலும் ஒரு பாட்டின் முடிவிலோ வசனத்தின் முடிவிலோதான் தீரும். அப்படியானால் பாய் காதை வைத்துக்கொண்டு மெஷினை மாற்றுகிறார் என்று அர்த்தம்.

மறுநாள் காலை, ரீல் சுற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "பாய், மூலைப் புள்ளி தெரியுதா?"

கையிலிருந்த ரீலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நடுவுல தெரியுது மாப்ள. ஓரம் தெரியல. சுத்தியும் புகை அப்புன மாதிரி இருக்கு. வீட்டுல சொல்லல. ரெண்டு பொம்பளப் புள்ளைக நிக்கிதுக. இந்த வேலையும் போச்சுன்னா என்ன செய்வேன்? வெளிய சொல்லிராத."

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சோதித்துவிட்டு, கண் நரம்பு பட்டுக்கொண்டு வருகிறது, திருப்ப முடியாது என்றார். ஆர்க்கைப் பார்த்ததாலா என்று கேட்டேன். அப்படித்தான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போது பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் அவர் அப்படிப் பிடித்ததில்லை.

அன்றைக்கே ஓர் ஏற்பாடு செய்தோம். மௌனசாமியார் படம் ஓடும்போது புள்ளியை நான் பார்ப்பேன். கண்டதும் காலால் பலகையில் ஓங்கி ஒரு தட்டு. பாய் தன் மெஷினை ஓட விடுவார். சில மாதங்கள் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. "இப்பத்தான்யா உருப்படியா ஓட்டுறீக" என்று மேனேஜரே பாராட்டினார். பாய் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு நடுவிலும் புகை வந்துவிட்டது. ஒரு நாள் எரிகிற கார்பனைத் தடவிப் பிடித்து விரல்களைச் சுட்டுக்கொண்டார். சத்தம் கேட்டு மேனேஜர் மேலே வந்துவிட்டார். அவர் திட்டவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இனிமே மேல ஏத்தாதய்யா. பிலிமு பத்துனா அம்புட்டுப் பேரும் சாம்பல்தான். டிக்கெட் கிழிக்கிற வேலையாவது குடுக்கலாம்னு பாத்தா, அதுக்கும் கண்ணு வேணுமேய்யா."

முதலாளி ஏதோ கொடுத்து அனுப்பினார். பாய் தகப்பனாரின் பூட்டுக்கடையில் போய் உட்கார்ந்தார். சாவிக்குப் பல் சரியாக விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துச் சொல்வார்.

4. பெஞ்சு டிக்கெட்

மௌனசாமியாரின் புதுப்படம் வந்தபோது என் லீவு நாளில் பாயைக் கூட்டிப் போனேன். அவரே கேட்டு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜனங்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் பாய் என் பக்கம் சாய்ந்தார்.

"சத்தம் நின்னு போச்சே மாப்ள. ரீலு அந்துருச்சா?"

"ஓடுது பாய்."

"என்ன காட்டுறாரு?"

"ஒரு பொண்ணு முகம்."

"அழுகுதா?"

"இல்ல."

"கோவமா?"

"அப்படியும் இல்ல பாய்."

"பின்ன எப்படித்தான் இருக்கு? சொல்லேன்!"

நான் வார்த்தை தேடி முடிப்பதற்குள் முகம் போய்விட்டது. பக்கத்தில் ஒருவன் மூக்கை உறிஞ்சினான். பாய் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் விடும்போது சொன்னார்: "அடுத்த தடவை உன் ஆளு படத்துக்குக் கூட்டிட்டுப் போ மாப்ள."

போனோம். பாட்டுக்காரர் வழக்கம்போல எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னார். ஜனங்கள் சிரித்த இடத்தில் பாயும் சிரித்தார். பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டார். யாருடைய உதவியும் இல்லாமல் அவர் முழுசாகப் பார்த்த படம் அது.

எந்த டைரக்டர் பெரியவர் என்று இன்றைக்கும் டீக்கடையில் சண்டை போடுகிறார்கள். நான் வாய் கொடுப்பதில்லை. கேபினில் இருந்த வருஷங்களில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: உனக்குப் பிடித்ததை ஒருவனுக்குப் பிடிக்கவில்லை என்றால், அவனால் அதில் எதை எடுத்துக்கொள்ள முடிகிறது என்று முதலில் பார். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மனிதனின் கண் போகவேண்டியிருந்தது.

அன்றைக்குப் பாட்டுக்காரர் படத்தில் ஒரு பாட்டு முடிந்ததும் பாய் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"ஒத்துக்கிறேன் மாப்ள. உன் ஆளுதான் பெரிய ஆளு."

அவர் வாயிலிருந்து அதைக் கேட்க எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருப்பேன்.

"இல்ல பாய். உங்க ஆளுதான்" என்றேன்.

அதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது.