பெருங்களத்தூரிலேயே இறங்கிவிடுகிறவள்

எஸ்தர் போய்விட்டாள்.

காலையில் அவளுடைய அண்ணன் போன் செய்தார். காய்ச்சல் என்று அட்மிட் ஆனவள். நேற்று வரைக்கும் "தேறிடுவா"ன்னுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்...

இரும்புலியூரில் அவள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். இப்போது தாம்பரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கட்டைவிரலால் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் அவளும் பொத்தேரியில் ஒரே காலேஜ், ஒரே கிளாஸ். தினமும் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறுவோம். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, அடுத்தது பொத்தேரி.

முதல் வருஷம் நான் மழையைப் பற்றி ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு எழுதினேன். "வானத்தின் கண்ணீர்" அது இது என்று. லைக் பிய்த்துக்கொண்டு போனது. ட்ரெயினில் ஏறியதும் பெருமையாக போனை அவளிடம் நீட்டினேன்.

பெருங்களத்தூர் வந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"முடிச்சிட்டியா?"

"இல்ல. இறங்கிட்டேன்."

"இன்னாடி சொல்ற? பொத்தேரி வர இன்னும் எவ்ளோ ஸ்டேஷன் கீது."

"நீ எழுதினதுலேர்ந்து இறங்கிட்டேன். முடிச்சூர்ல உங்க வூட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப, ஃப்ரிட்ஜைத் தூக்கிக் கட்டில் மேல வெச்சீங்களே... அது எங்க இதுல? வானம் அழுதா எனக்கென்ன."

எனக்கு வந்த கோபத்தில் வண்டலூரில் வேறு பெட்டிக்கு மாறிவிட்டேன். மறுநாள் ஃப்ரிட்ஜை வைத்துத் திரும்ப எழுதிக்கொண்டு போனேன். ஊரப்பாக்கம் வரைக்கும் வந்தாள்.

அதற்கப்புறம் அதுதான் எங்கள் வழக்கம். எதை எழுதினாலும் வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்புவேன். பதிலுக்கு ஸ்டேஷன் பெயர் மட்டும் வரும். பெருங்களத்தூர் என்றால் முதல் பாராவிலேயே போர் அடித்துவிட்டது. கூடுவாஞ்சேரி என்றால் கடைசியில் இழுத்துவிட்டேன். பொத்தேரி என்றால் முழுசாகப் படித்தாள். ஹார்ட் கிடையாது, "சூப்பர் டி" கிடையாது. அவள் எழுதியதை எனக்கு அனுப்பினால் எனக்கும் அதே சட்டம்தான்.

கடைசி வருஷம் ஒரு அசைன்மென்ட். "என் தெரு" என்று தலைப்பு. அவள் எழுதியதை ஏதோ சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்துவிட்டு, ஏஐ எழுதியது என்று சொல்லிவிட்டார்கள்.

கிளாஸே அவளுக்கு ஐடியா கொடுத்தது. "நாலு தப்பு போட்டுக் குடு மச்சி, மனுஷன் எழுதினதுன்னு ஏத்துக்கும்." நிஜமாகவே அப்போது பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நன்றாக எழுதிவிட்டு, உட்கார்ந்து கெடுப்பார்கள்.

எஸ்தர் நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போனாள். நான் பின்னாடி நின்றேன்.

"சார், நீங்களே ஒரு டாபிக் குடுங்க. இங்கயே, உங்க முன்னாடி உக்காந்து எழுதறேன்."

"அதுக்கெல்லாம் ப்ரொசீஜர் இல்லம்மா. கொஞ்சம் மாத்தி எழுதி ரீசப்மிட் பண்ணிடு."

"மாத்த மாட்டேன் சார். அது என் தெரு. எனக்குத்தான் தெரியும், எந்த வூட்டு நாய் குரைக்கும்னு."

மாற்றவில்லை. அந்தப் பேப்பரில் பார்டர் மார்க்தான் வாங்கினாள். ட்ரெயினில் வரும்போது அழுவாள் என்று நினைத்தேன். சமோசா வாங்கித் தின்றாள். அன்றைக்கு நான்தான் அழுதேன், ஆத்திரத்தில்.

பிறகு நாவலூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். பணம் கட்டும் ஆப்பில் "உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது, சிறிது நேரத்தில் முயலுங்கள்" மாதிரி வரும் பாருங்கள், அந்த வரிகளை எழுதுகிற வேலை. "ரெண்டே வரி. ஒரு பயலும் பாதில இறங்க முடியாது" என்பாள்.

சரி... இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மதியம் எங்கள் பேட்ச் குரூப்பில் கிளாஸ் பையன் ஒருத்தன் அஞ்சலி போட்டான். "எங்கள் அன்புத் தோழி [பெயரை இங்கே இடவும்] அவர்களின் பிரிவு ஈடுசெய்ய இயலாத பேரிழப்பு." அப்படியே வந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் கண் தெரியவில்லையா?

அப்புறம் யாரோ சொல்லி, பெயரைப் போட்டுத் திரும்பப் போட்டான். அதற்கும் கைகூப்பினார்கள்.

அதோடு விட்டானா. எனக்கே போன் செய்தான். "நாளைக்கு சர்ச்ல பேட்ச் சார்பா நீ வாசிச்சிடு. உன் ஸ்டைல்லயே ஒண்ணு ஜெனரேட் பண்ணித் தரேன். மனசு சரியில்லாதப்ப எழுத வராதுல்ல."

"வராட்டி அங்க நின்னு அழறேன். அதுவாவது என்னோடதா இருக்கட்டும்."

"ஹெல்ப் பண்ணலாம்னுதானே கேட்டேன். எதுக்கு இவ்ளோ எமோஷனல் ஆகற?"

போனை வைத்துவிட்டேன். ஆமாம், எமோஷனல்தான். என் ஃப்ரெண்ட் செத்துப்போயிருக்கிறாள். வேறு எதற்கு எமோஷனல் ஆவது?

அவள் பெயரே தெரியாத ஒன்று எழுதியதை, அவள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் வாசிக்க மாட்டேன். யார் கோபித்துக்கொண்டாலும் சரி. இதைத் திருத்தித் தருகிறேன் என்று இன்பாக்ஸுக்கும் யாரும் வராதீர்கள்.

அட்மிட் ஆவதற்கு முன்னால், நான் எழுதி அனுப்பிய ஒன்றுக்கு அவள் கடைசியாக அனுப்பிய பதில், "ஊரப்பாக்கம்." நான் அதை மாற்றி எழுதி அனுப்பினேன். இன்னும் ஒரே டிக்கில் நிற்கிறது.

கமெண்டில் ஆர்ஐபி வேண்டாம். கைகூப்பி வேண்டாம். எந்த ஸ்டேஷனில் இறங்கினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். பொய் சொல்லாதீர்கள், அவளுக்குப் பிடிக்காது.

எஸ்தர், நாளைக்கு சர்ச்சில் இதைத்தான் வாசிக்கப் போகிறேன். ஃப்ரிட்ஜை வைத்திருக்கிறேன், பார்த்துக்கோ.

போயிட்டு வாடி.