தாத்தாவின் சூரியகாந்தி விதை

எனக்கு எட்டு வயதாகும்போது எங்கள் வீட்டில் ஒரு சித்தியும் ஒரு சித்தப்பாவும் இருந்தார்கள். அவர்களுக்குக் கல்யாணம்தான் ஆகவில்லை. சித்தி அம்மாவின் தங்கை, சித்தப்பா அப்பாவின் தம்பி. அப்பா, சித்தப்பா இருவருமே அம்மாவின் அம்மாவான அம்மாச்சியின் கூடப்பிறந்த தம்பிகள். அக்காளைப் பெரிய மாமனுக்குக் கொடுத்தாயிற்று, தங்கையைச் சின்ன மாமனுக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் ஒரே வீட்டில் முடிந்துவிடும் என்பது அம்மாவைப் பெற்ற தாத்தாவின் எண்ணம். எனக்கும் அதில் முழுச் சம்மதம், பட்டுப்பாவாடை கிடைக்குமே! சித்திக்குத்தான் சம்மதமில்லை. காலேஜில் தாவரவியல் படித்து முடித்திருந்தவள், மாட்டேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வத்திராயிருப்பு போகிற வழியில் தாத்தாவுக்குச் சின்னதாக ஒரு கிணற்றுத் தோட்டம். அதில் சூரியகாந்தி. ஊரே புது விதை வாங்கினாலும் தாத்தா வாங்க மாட்டார். வருஷா வருஷம் இருப்பதிலேயே பெரிய பூவாக ஒன்றே ஒன்றைப் பொறுக்கி, துணியில் முடிந்து அடுப்படியில் தொங்கவிடுவார். மறு வருஷம் அந்த ஒற்றைப் பூவின் விதைதான் தோட்டம் முழுக்க. நாலாவது வருஷம் பூக்கள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்தன, விதையோ பெரும்பாலும் உள்ளே பருப்பில்லாத பொக்கு. கண் பட்டுவிட்டது என்று பூசணிக்காய் கட்டினார். பூசணிக்காயும் அழுகிப்போனது.

அடுத்த விதைப்பில் சித்தி களத்தில் இறங்கினாள். ராஜபாளையத்துத் தோழியிடம் விதை வாங்கிவந்து வரப்போரம் நாலு செடி போட்டாள். தாத்தாவின் செடிகளில் இரண்டைப் பார்த்து, மொட்டு விரியும் முன்பே துணிப்பை மாட்டினாள். முடிச்சுப் போடுவது என் வேலை. பூத்ததும் தினமும் காலையில் பையை அவிழ்ப்போம். ஒரு பூவைத் தாத்தாவின் இன்னொரு செடிப் பூவோடு முகத்தோடு முகம் வைத்துத் தேய்ப்போம். மற்றதை ராஜபாளையத்துப் பூவோடு.

“பூவுக்குக் கண்ணு கெடையாது, மூக்கு கெடையாது. ஆனா மேல வந்து விழுற தூளு யாரு வீட்டுத் தூளுன்னு அதுக்குத் தெரியும்டி,” என்றாள் சித்தி.

தன் மகரந்தத் தூளோ தன் சொந்தத்தின் தூளோ வந்தால், தூள் வந்து ஒட்டுகிற சூலகமுடி அதை முளைக்கவே விடாதாம். வெளித் தூள் என்றால், குழல் விட்டு உள்ளே இறங்க வழி கொடுக்குமாம். எனக்குப் புல்லரித்துப்போனது. எங்கள் வீட்டில் தாத்தா கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. ஒரு பூ சொல்கிறதே! இன்றைக்கும் சூரியகாந்தியைக் கண்டால் எனக்கு ஒரு மரியாதைதான். சித்தி என்னை விடவில்லை. பஸ்ஸிலும் கிணற்றடியிலும் அதைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்க வைத்தாள்.

காய்ந்த அந்த இரண்டு பூவையும், சித்திக்கும் சித்தப்பாவுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றக் குறித்திருந்த நாளில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். நான் போய்த் தாத்தா முன்னால் இரண்டையும் உதிர்த்தேன். ராஜபாளையத்துப் பூவோடு தேய்த்ததில் கருகருவென்று விதை. மற்றதில் ஊதினால் பறக்கிற தோல்.

“நம்ம வீட்டு வெதைக்கு என்னட்டி கொறச்சல்?” என்றார் தாத்தா.

“கொறச்சல் இல்ல தாத்தா. சொந்தத்துக்குள்ளயே சேத்தா பூ ஏத்துக்கிடாது. வெளிய இருந்து வரணும்,” என்று கணீரென்று ஒப்பித்தேன்.

யாராவது கைதட்டுவார்கள் என்று காத்திருந்தேன். தாத்தா முகத்தில் ஈயாடவில்லை. “பூவும் பொம்பளப் பிள்ளையும் ஒண்ணாக்கும்?” என்று கத்திக்கொண்டே வெற்றிலைத் தாம்பாளத்தை முன்னால் இழுத்தார்.

அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பி, மூன்று வயது, பிறவியிலேயே காது கேளாதவன். அந்தச் சத்தத்துக்கும் அவன் திரும்பவில்லை, விதைகளை அளைந்துகொண்டிருந்தான். தாத்தா எதிரில் வாயே திறக்காத அம்மா, “போதும்ப்பா. இது என்னோட போகட்டும்,” என்றாள்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். தாத்தாவின் கை தாம்பாளத்தின் மேலேயே இருந்தது, தாம்பாளத்தை அவர் மாற்றவில்லை. எல்லோரும் கிளம்பிப்போன பிறகு அம்மாவிடம் போய், நான் நன்றாகச் சொன்னேனா என்று கேட்டேன். அவள் தம்பியின் காதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கானால் பொல்லாத கோபம். அத்தனை நாள் மனப்பாடம் பண்ணி ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்திருக்கிறேன், பெற்ற தாய் ஒரு வார்த்தை மெச்சக்கூடாதா?