பதினான்கு பூமியும் ஒரு குண்டான் மைதா பசையும்

தொடக்கப்பள்ளி ஆசிரியர் வேலையில் பாதி பாடம், மீதி பசை.

நகக்கண்ணில் மைதா காய்ந்து ஒட்டியிருக்க, அதே கையால் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. மேற்கொண்டு படியுங்கள், ஆறுதலாக இருக்கும். இல்லாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கு அதெல்லாம் பழகிவிட்டது.

நான் திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ் பிடித்துப் போய்வரும் ஒரு கிராமத்துப் பள்ளியில், நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பாடம் எடுப்பவள். இரண்டு வகுப்பும் சேர்ந்து பதினான்கு பிள்ளைகள். கீழ் வகுப்புகளை ஹெச்.எம். சார் பார்த்துக்கொள்கிறார். ஆசிரியர்கள் நாங்கள் இரண்டே பேர். இந்த வருஷம் கண்டங்களையும் பெருங்கடல்களையும் கையால் செய்தே கற்றுக்கொடுப்பது என்று கிளம்பினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கே வந்த புத்தி அது.

வேனுக்கு ஐந்து பேர்

ஆடி மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை செல்வராசு பள்ளிக்கு வந்தார். நாலாம் வகுப்பு யாழினியின் அப்பா. வாய்க்காலின் கடைசியில் ஒன்றரை ஏக்கர் நிலம் வைத்திருக்கும் விவசாயி. அதிர்ந்து பேசாத மனிதர். காலாண்டு லீவு முடிந்ததும் பெண்ணை டவுனில் இருக்கும் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். டி.சி. வாங்க எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டுக்கொண்டார்.

யாழினி என் வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளை. மற்றவர்கள் தலையாட்டும்போது அவள் மட்டும் ஆட்டமாட்டாள், புரிந்தால்தான் ஆட்டுவாள். அந்த ஒரு தலைக்காகத்தான் நான் பாதி நாள் வீட்டில் தயார் செய்துகொண்டு போகிறேன். இது போதாதென்று இன்னொரு சிக்கல். அந்தப் பள்ளியின் வேன் எங்கள் ஊர் ரோட்டுக்குள் திரும்ப வேண்டுமானால் ஐந்து பிள்ளைகள் வேண்டுமாம். நாலு வீட்டில் தயாராக இருந்தார்கள், ஐந்தாவதுதான் யாழினி. வேன் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் மிச்சப் பிள்ளைகளும் ஏறிவிடும், அப்புறம் இரண்டாவது ஆசிரியர் எதற்கு என்று கேட்பார்கள். அந்த இரண்டாவது ஆசிரியர் நான்தான். செல்வராசு போன பிறகு ஹெச்.எம். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு புள்ளைய அனுப்புறதா நெனைக்காதீங்க டீச்சர், நாம வேனுக்கு வழி காட்டுறோம்."

காய்கறிக் கடை

காலாண்டுத் தேர்வு முடிகிற அன்று பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கண்காட்சி வைப்போம், அவர்கள் வந்து பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன். பீரோ மேல் இருந்த பள்ளியின் உலக உருண்டையைக் கீழே இறக்கினேன். ஸ்டாண்டு உடைந்திருந்தது, தென் அமெரிக்கா இருந்த இடத்தில் ஒரு பொத்தல், அதற்குள் பல்லி முட்டை. சரி, ஆளுக்கொரு பூமி செய்துவிடுவோம் என்று பதினான்கு பலூன் வாங்கினேன். உடையும் என்று தெரிந்து இன்னும் பதினான்கு வாங்கினேன். அவையும் போதவில்லை.

உடையாத பலூன்கள் வேறு விதத்தில் மானத்தை வாங்கின. பூமி துருவங்களில் சற்றே தட்டையானது என்று அன்று காலைதான் போர்டில் எழுதியிருந்தேன். பலூனோ அடியில் கூராகவும் தலையில் பருத்தும் நின்றது. கொஞ்சம் அமுக்கிப் பிடித்து ஊதுங்கள் என்றேன். அமுக்கியதில் சில நீண்டன, சில கோணின. ஐந்தாம் வகுப்புக் கவின் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்: "இதுல பூமின்னு சொல்றதுக்கு மூணுதான் தேறும் டீச்சர், பாக்கியெல்லாம் கத்தரிக்கா."

ஆட்டுக்கு வந்த விருந்து

சத்துணவு சமைக்கும் மாரியம்மா அக்கா, சாப்பாட்டு வேலை முடிந்ததும் ஒரு குண்டான் நிறைய மைதா பசை காய்ச்சிக் கொடுத்தார். பூச்சி, எலி வாய் வைக்காமல் இருக்கப் பசையில் துருசு போடுவார்கள், அதை மறந்தது என் தப்பு. பழைய செய்தித்தாளைக் கிழித்துப் பசையில் தோய்த்துப் பலூன் மேல் நாலு சுற்று ஒட்டினோம். பதினான்கு பூமியையும் பள்ளி வாசலில் வெயிலுக்கு வைத்துவிட்டு வாய்ப்பாடு சொல்ல உள்ளே போனோம்.

பதினேழாம் வாய்ப்பாட்டில் டப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மாரியம்மா அக்காவின் வெள்ளாடு ஒரு பூமியை மேற்கிலிருந்து கிழக்காகத் தின்று முடித்து, அடுத்ததில் வாய் வைத்திருந்தது. மைதாவில் அதற்கு அவ்வளவு ருசி. பிள்ளைகள் அழ, நான் குச்சியைத் தேட, ஒரே அமளி. அக்கா வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று முகத்தைக் கொஞ்சம் பெருந்தன்மையாக வைத்துக்கொண்டேன். அவர் ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பேப்பர் மையெல்லாம் உள்ள போயிருக்கே, இதுக்கு ஒண்ணு ஆனா யாரு டீச்சர் பாக்குறது?"

கடைமடைக் கண்டம்

அந்த வாரம் ஊரே தண்ணீருக்குக் காத்திருந்தது. அணை திறந்து நாளாகியும் எங்கள் பக்கம் வாய்க்காலில் ஈரம் தெரியவில்லை. நாங்கள் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். தலைமடைக்காரர்கள் நாற்று விட்ட பிறகுதான் எங்களுக்குச் சொட்டும். பிள்ளைகளுக்கும் வீட்டில் அதே பேச்சுத்தான். இது தெரிந்திருந்தும் நான் காய்ந்த உருண்டையின் நடுவே ஒரு சணலைக் கட்டி, "இதுதான் நிலநடுக்கோடு. மேலே வட அரைக்கோளம், கீழே தென் அரைக்கோளம்" என்று ஆரம்பித்தேன்.

கவின் உடனே சணலை வரப்பாக்கினான். மேலே இருப்பது தலைமடை, கீழே இருப்பது கடைமடை, ஆகவே ஆஸ்திரேலியாக்காரர்கள் பாவம் என்று வகுப்புக்கே அறிவித்தான். பூமியில் மேல் கீழ் கிடையாது, வடக்கை மேலே வைத்து வரைவது நம் பழக்கம் மட்டும்தான் என்று உருண்டையைத் தலைகீழாகப் பிடித்து அரை மணி நேரம் தொண்டை கிழியச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. கடைசி அஸ்திரமாக, அடியில் இருக்கும் அண்டார்டிகாவில்தான் உலகத்து நல்ல தண்ணீரில் பெரும்பகுதி பனிக்கட்டியாகக் கிடக்கிறது என்றேன். கவின் மெல்ல எழுந்தான்: "கடைமடையில அவ்ளோ தண்ணியா? யாரு டீச்சர் அவங்களுக்குத் தொறந்து விட்டது?"

முறை வைத்து வெயில்

ஜன்னலைச் சாத்தி, டார்ச்சைச் சூரியனாக்கி, உருண்டையைச் சுற்றிக் காட்டினேன். வெளிச்சம் பட்ட பாதி பகல், படாத பாதி இரவு. இந்தப் பாடத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, பதினெட்டு வருஷமாக எடுக்கிறேன். யாழினி தலையாட்டவில்லை. எழுந்து வந்து உருண்டையைத் தானே இரண்டு சுற்றுச் சுற்றினாள். அப்புறம், "முறை வச்சு வெயில் விடுறாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். எங்கள் பக்கம் தண்ணீர் அப்படித்தான், இந்த வாரம் இந்த வாய்க்காலுக்கு, அடுத்த வாரம் அந்த வாய்க்காலுக்கு.

எனக்கு அவளைத் தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது. ஒரு புத்தகத்திலும் இல்லாத விளக்கம். ஆமாம், முறைதான், ஆனால் ஒரு நாள்கூடத் தவறாத முறை என்றேன். அவள் இன்னும் தலையாட்டவில்லை. மதகைத் திறந்து மூடும் ஊழியரை எங்கள் ஊரில் லஸ்கர் என்பார்கள். முறை தவறினால் ஊரே அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். யாழினி டார்ச்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்: "அப்ப சூரியனுக்கு லஸ்கர் யாரு டீச்சர்?"

அண்டார்டிகாவுக்குப் பட்டா

கண்டங்களை ஒட்டும் நாள். ஆட்டுக்கு இரையானவற்றுக்குப் பதில் வேறு செய்து, பதினான்குக்கும் கடல் நீலம் அடித்தாகிவிட்டது. ஏழு கண்டங்களையும் அட்லஸிலிருந்து டிரேசிங் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தேன். எல்லோருக்கும் ஒரு செட். அண்டார்டிகா யாருக்கும் சொந்தமில்லை என்று சொன்னதும் நிலத் தகராறே வந்துவிட்டது. பட்டா இல்லையென்றால் புறம்போக்குதானே, இத்தனை நாளாக யாரும் வளைத்துப் போடாமலா இருப்பார்கள் என்று ஐந்தாம் வகுப்பு முழுக்கச் சந்தேகப்பட்டது.

வேலையில் இரண்டு திருத்தம் செய்தேன். ஒன்று, மேலே வண்ணம் தீட்டும்போது மை கலையாமல் இருக்க ஒரு யோசனை. உருண்டை மேல் பசையை லேசாகத் தடவி, வரைந்த பக்கத்தை உள்ளே வைத்து ஒட்டச் சொன்னேன். மெல்லிய காகிதம்தானே, பின்பக்கமும் கோடு பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கோட்டுக்குள் வண்ணம் தீட்டினார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஆப்பிரிக்காவைப் பார்க்கும்போது மட்டும் ஏதோ உறுத்தியது, பழியைக் கத்தரிக்கோல் மேல் போட்டேன். இன்னொன்று, காவேரி. அமேசான் இருக்கிறது, நைல் இருக்கிறது, நம் ஆறு எங்கே என்று பிள்ளைகள் விடவில்லை. கட்டைவிரல் அளவு இந்தியாவில் காவேரிக்கு இடமேது என்று மன்றாடிப் பார்த்தேன். கடைசியில், ஒட்டுவதற்கு முன்பே, டிரேசிங் பேப்பரில் குடகிலிருந்து கடல் வரை அமேசானைவிடத் தடிமனாக இழுத்துக் கொடுத்தேன். இது நியாயமா என்று கேட்டதற்குக் கவின் சொன்னான்: "அமேசானா டீச்சர் நம்ம வயலுக்குப் பாயுது?"

கண்காட்சி

பதினான்கு பூமியும் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கின. பெற்றோர்கள் வந்தார்கள். ஹெச்.எம். சார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஏதோ அவரே பசை காய்ச்சியது போல எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். செல்வராசு வயலிலிருந்து நேராக வந்து, கால் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தார். யாழினியின் பூமி முன்னால் நின்று அதை மெதுவாகத் திருப்பினார். டி.சி. எழுதும் நோட்டு மேஜை மேலேயே இருந்தது.

"வடக்கு எதும்மா?" என்றார் பெண்ணிடம்.

"மேலப்பா."

"அப்ப கெழக்கு?"

யாழினி வலது கைப் பக்கம் காட்டினாள். அவர் இந்தியாவின் மேல் விரலை வைத்தார். "கெழக்க வர்ற ஆறு, இதுல மேக்க போவுதே?"

நான் எட்டிப் பார்த்தேன். காவேரி இடது பக்கமாகப் போய் அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்தது. இலங்கை கேரளாவுக்குப் பக்கத்தில் இருந்தது. வரைந்த பக்கத்தை உள்ளே வைத்தால் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறும் என்பது பதினெட்டு வருஷ அனுபவசாலிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆப்பிரிக்காவும் அதனால்தான் உறுத்தியிருக்கிறது. மற்றவர்களும் ஆளுக்கொரு உருண்டையைத் திருப்ப ஆரம்பித்தார்கள். கவின் கத்தினான், "ஐயையோ, நம்ம தண்ணியெல்லாம் கேரளாவுக்குப் போவுது!" கூட்டத்தில் ஒரு பதற்றமே வந்துவிட்டது.

செல்வராசு மகளைப் பார்த்தார். "ஏம்மா, ஒட்டுறப்ப பாத்து ஒட்டக் கூடாதா?"

யாழினி தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர்தான் அப்படி ஒட்டச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்கும் விளக்கம் கேட்கிற பிள்ளை, எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஹெச்.எம். சார் என் காதருகே வந்து, "புள்ளைங்க கைத்தவறுன்னு சொல்லிருங்க டீச்சர், முடிஞ்சது" என்றார். சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் குனிந்த தலையைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அது குனியப் பிறந்த தலையில்லை.

"அவ மேல தப்பு இல்லீங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான்தான் மாத்தி ஒட்டச் சொன்னேன். பதினாலும் தப்பு. இவங்க எல்லாரும் நான் சொன்னதைச் சரியாச் செஞ்சிருக்காங்க."

வேன் உள்ளே வந்து திரும்பும் சத்தமே எனக்குக் கேட்டுவிட்டது. செல்வராசு உருண்டையைக் கையிலிருந்து விட்டார். பிறகு மகள் தலையில் கை வைத்து அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: "அந்த ஸ்கூல்ல ஒரு மணி நேரம் ஒக்கார வச்சுப் பேசுனாங்க டீச்சர், எங்ககிட்ட தப்பே நடக்காதுன்னாங்க, அதுலேருந்தே எனக்கு யோசனையாத்தான் இருந்துச்சு. புள்ள இங்கயே படிக்கட்டும், காவேரிய மட்டும் நம்ம பக்கம் திருப்பி விட்டுருங்க."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: ஒரு பூமியைச் செய்து முடிக்க இரண்டு வாரமும் ஒரு குண்டான் பசையும் போதும், அதை ஒரு விவசாயியிடம் காட்டித் தேறுவதற்குத்தான் முதுகு நனைந்துபோகிறது.