வெள்ளிக்கிழமையில் பட்டை வாசம்

வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டில் பட்டை வாசம் வந்தது ஒரே ஒரு முறைதான். அன்றைக்கு என் அத்தையைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து வந்திருந்தார்கள்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தை, அம்பாங்கில் ஒரு மெக்சிகோக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். ஓர்ச்சாத்தா என்ற குளிர்பானம் அவள் அங்கே கற்றுக்கொண்டதுதான். அரிசியையும் பட்டையையும் இரவெல்லாம் ஊறவைத்து, பிளெண்டரில் அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, பாலும் சீனியும் கலந்து ஐஸ் போட வேண்டும். பார்த்தால் ஒன்றும் தோன்றாது. குடித்தால்தான் தெரியும். முதலில் குளிர்ச்சி, அப்புறம் இனிப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் பட்டையின் சின்னச் சூடு. மாதத்துக்கு ஒரு முறை வீட்டில் செய்வாள். பாத்திரத்தின் அடியில் தங்கியதைக்கூட நான் விரலால் வழித்துத் தின்பேன்.

அதற்கு முன் வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் வெள்ளைக்காரன் வீட்டு வேலையை அத்தை விட வேண்டும் என்றார்கள். மெக்சிகோ எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அத்தை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இந்த மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், நல்ல குடும்பம். இதுவும் நழுவினால் அத்தைக்குக் கல்யாணமே நடக்காது என்று அப்பா பயந்தார்.

"கோப்பி போடும்மா. யாரும் குறை சொல்ல மாட்டாங்க" என்றார்.

"கோப்பி எல்லா வீட்டுலயும் கிடைக்கும்ணே. நான் செய்யறத அவங்க குடிக்கட்டும். நான் எங்க வேலை செய்யறேன்னு தெரிஞ்சிக்கிட்டே போகட்டும்."

அம்மா கையைப் பிசைந்தாள். "வாசம் ஹால் வரைக்கும் அடிக்குது. கறி ஆக்கியிருக்கோம்னு நெனைக்கப் போறாங்க லா."

"நெனைச்சா கேக்கட்டும், அண்ணி."

என் கவலை வேறு. வந்தவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அத்தனையும் எனக்குத்தான். சாமி அறையில் நின்று, யாருக்கும் பிடிக்கக் கூடாது என்று பத்துமலை முருகனிடம் கேட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா உட்காரும்போதே மூக்கைச் சுருக்கினார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறியா?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அத்தை தட்டோடு வந்துவிட்டாள். தலையைக் குனியவில்லை.

"கறி இல்லம்மா. அரிசியும் பட்டையும்தான். நான் வேலை செய்யற வீட்டுல கத்துக்கிட்டது. குடிச்சுப் பாருங்க."

அவர் கிளாசுக்குள் எட்டிப் பார்த்தார். "அரிசி கழுவுன தண்ணியாட்டம் இருக்கு. எனக்குச் சளிம்மா."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை ஒரு கிளாசை எடுத்துவிட்டார். ஒரு வாய் குடித்ததும் புருவம் உயர்ந்தது. அடுத்து ஒரு பெரிய மடக்கு. மேலுதட்டை நக்கிக்கொண்டார். என் பங்கு கண்ணெதிரே குறைந்துகொண்டிருந்தது.

"தம்பி" என்றார் அவருடைய அம்மா. அவ்வளவுதான்.

பாதி கிளாஸ் அப்படியே தட்டுக்குத் திரும்பியது. அத்தை நகரவில்லை. கிளாசைப் பார்த்தாள், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"ஏன், நல்லா இல்லையா?"

பார்க்க வந்த பெண் இப்படிக் கேட்டதும் கூட வந்திருந்த கல்யாணத் தரகர் இருமினார். மாப்பிள்ளை தன் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"பரவால்ல" என்றார், தரையைப் பார்த்து.

அவர்கள் போன பிறகு வயிறு முட்டக் குடித்தேன். முருகன் கேட்டதைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தரகர் சிரித்துக்கொண்டே வந்தார். பெண்ணைப் பிடித்துவிட்டதாம், வேலைக்கும் போகட்டும் என்கிறார்களாம். அப்பா கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வேணாம்ணே" என்றாள் அத்தை.

"வேலைய விடச் சொல்லலியேம்மா! இன்னும் என்ன வேணும் ஒனக்கு?"

"வேணாம்."

அப்பா கத்தினார். அம்மா கெஞ்சினாள். அத்தை மாலை வரை அந்த ஒரு சொல்லை மாற்றவில்லை. கடைசியில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நான் மெல்லப் போய்க் கேட்டேன்.

"அந்த அங்கிளுக்கு ஓர்ச்சாத்தா பிடிக்கலையா, அத்தை?"

"பிடிச்சுதுடா. ரொம்பப் பிடிச்சுது. அதனாலதான் வேணாங்கறேன்."

படுத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தேன். ஓர்ச்சாத்தா பிடிக்காத ஆள்தான் அத்தைக்கு வேண்டும் என்று புரிந்தது. அப்படி ஓர் ஆள் வந்தால் எனக்கும் நல்லதுதான். அத்தைக்கு எப்படியும் கல்யாணம் செய்துவைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

யாரைக் கண்டாலும் கதவுக்குப் பின்னால் ஒளிகிறவன் நான். ஆனால் அடுத்த மாப்பிள்ளை வந்து இறங்கியபோது, கேட் வரைக்கும் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அங்கிள், அத்தை என்னா குடுத்தாலும் நல்லா இல்லன்னு சொல்லுங்க. அப்பதான் அத்தைக்கு ஒங்களப் பிடிக்கும்."