வீடு பதினாலு, பட்டாணி

கடைக்காரன் மடிக்கணினியைக் குப்புறப் போட்டதும் அதன் இளகிப்போன ரப்பர் கால்கள் அவன் விரலில் ஒட்டிக்கொண்டன. "ரோசாக் லா அக்கா, கெட்டுப்போச்சு. இத சரி பண்றதுக்குப் புதுசு வாங்கிரலாம். புவாங் பண்ணிருங்க," என்றான். ஈப்போவில் எந்தக் கடைக்குப் போனாலும் இதே பாட்டுதான். திருத்தத் தெரியாதவனுக்குத் தூக்கிப் போட மட்டும் தெரியும்.

அவன் மேல் கோபமா, இந்தச் சனியன் மேலா என்று எனக்கே தெரியவில்லை. தூக்கிப் போடத்தான் நானும் பல வருஷமாக நினைக்கிறேன். அலமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. ரப்பர் பால் உறைந்து நாறும் கட்டிப்பால் வாடை உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வாரம் சோறு இறங்கியிருக்காது. சிலிம் ரிவர் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் அதற்குள்தான் தின்று தூங்கினோம். தோட்டத்தை விற்கப் போகிறார்கள், லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு மாற்று வீடு தருவார்கள், பெயர்ப் பட்டியல் வேண்டும் என்றார்கள். மடிக்கணினி வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிரில் ஒரே மத்தியானத்தில் அடித்துக் கொடுத்தேன். யாரிடமும் அடையாள அட்டையை, ஐசியை, கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்களிடம் பேர் என்ன என்றா கேட்பது? வீடு ஏழு, கட்டையன். வீடு பதினாலு, பட்டாணி.

ஐசியோடு ஒத்துவராத பட்டப்பேர்களை ஆபீசில் நீக்கிவிட்டார்கள். பட்டாணி அக்கா எங்கள் பக்கத்து வீடு. அம்மா பால் வெட்டப் போன பிறகு எனக்குத் தலைசீவி விட்டவர். "எம் பேரு ஏன்டி இல்ல?" என்று வந்து நின்றார்.

"நான் சரியாத்தான் அடிச்சேன்க்கா. ஆபீஸ்ல மாத்திட்டானுங்க."

நாக்கு கூசவில்லை. மறுநாள் ஆபீஸ் குமாஸ்தா கிராணி என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொடுத்தால் சேர்த்துவிடலாம் என்றார். திருத்தினால் தப்பு என்னுடையது என்று ஊருக்கே தெரிந்துவிடும். நான் போகவில்லை. அக்கா ஆபீஸ் வாசலில் நின்று கத்தியே அந்த வாரத்தைத் தீர்த்தார். வீடு கிடைக்கவில்லை. இப்போது அக்காவும் ஈப்போவில்தான், வாடகை அறையில்.

"உள்ள இருக்கிறத மட்டும் எடுத்துத் தரவா?" என்று கடைக்காரன் எதையோ மாட்டினான். அவன் திரையில் பட்டியல் திறந்தது. "யாருக்கா இது, பட்டாணி?" என்று சிரித்தான்.

"சிரிக்காம வேலையப் பாரு."

போன மாதம் கிளினிக்கில் நர்ஸ் "மாரியாயி" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். என் எதிரில் உட்கார்ந்திருந்த பட்டாணி அக்கா அசையவில்லை. அது தன் பேர் என்று அவருக்கே உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. பட்டியல் திரும்பி வந்தபோது தெரிந்துகொண்ட பேர் அது. "பட்டாணிக்கா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை. பாவி நான், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் இதை அலமாரியிலிருந்து எடுத்தேன்.

"அழிச்சிரவாக்கா?"

"வேணாம். அது இருக்கட்டும். மிஷின சரி பண்ணு."

லயத்தை இடித்து எண்ணெய்ச் செம்பனை நட்டுவிட்டார்கள். வீடு பதினாலு நின்ற இடம்கூடத் தெரியாது. அக்காவைப் பட்டாணி என்று கூப்பிட்டவர்களில் இந்த ஊரில் நான் ஒருத்திதான் மிச்சம். நானும் கூப்பிடுவதில்லை.