தெய்வானையின் மரிக்கொழுந்து

1. மூடிய கண்

தெய்வானை டிஸ்பென்சரிக்குள் வந்தபோது அவளது ஒரு கண் வீங்கி முழுதாக மூடியிருந்தது. கழுத்தும் கைகளும் தடித்துச் சிவந்து, சொறிந்த இடமெல்லாம் நீர் கசிந்தது. வன்னியில், வட்டக்கச்சியில் நான் மிசியாக, அதாவது தாதியாக, இருந்த காலம். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் களிம்பு கண்ணிலும் கிடையாது. இருந்த கொஞ்ச ஒவ்வாமைக் குளிசைகளையும் மூச்சு முட்டி வருகிறவர்களுக்கென்று பொத்தி வைத்திருந்தோம்.

மலையகத்திலிருந்து வந்து குடியேறியவள் அவள். பரமேசக்காவின் மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்குப் புல் பிடுங்குவாள். அன்று அவளை வாட்டியது சொறி மட்டுமல்ல.

“தோட்டத்துக்காரம்மா அவங்க கெணத்துல வாளிய தொடக்கூடாதுன்னுட்டாங்க மிஸ்ஸி. அவங்களே அள்ளி ஒசக்க இருந்து ஊத்துறாங்க. வேலைக்கும் வராதேங்குறாங்க. புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பரமேசக்காவிடம் போனேன்.

“குறை நினையாதேங்கோ மிசி. எனக்கும் பிள்ளையள் இருக்கு. உது குட்டநோயெண்டால் ஆர் பொறுப்பு?”

“குட்டமெண்டால் தோல் மரத்துப்போகும். அவளுக்கு எரியுது. ஒட்டுற வருத்தமில்லை அக்கா.”

“அப்ப மாத்திக் காட்டுங்கோ.”

“காட்டுறன்!” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். எதைக் கொண்டு மாற்றுவது என்று அப்போது எனக்கே தெரியாது.

2. வேறென்ன போட்டாய்?

வேப்பிலை அவித்து ஆறவைத்த தண்ணீரால் கழுவு, குளிர்ந்த ஈரத்துணி போடு, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் பூசு என்று சொல்லி அனுப்பினேன். நாலைந்து நாளில் திரும்பி வந்தாள். மற்றக் கண்ணும் வீங்கியிருந்தது.

“நான் சொன்னபடிதானே செய்தனி?”

“ஆமாங்க.”

“வேற ஒண்டும் போடேல்லையோ?”

“ஒன்னுமில்லீங்க… கொஞ்சம் மரிக்கொழுந்து சேத்து அவிச்சேன். ஒடம்புக்குக் குளிர்ச்சின்னு.”

“வன்னியில எங்கயடி உனக்கு மரிக்கொழுந்து?”

ஓடிப்போய் வேலியோரத்தில் ஒரு பிடி பிடுங்கி வந்து நீட்டினாள். கரட் இலை மாதிரிக் கிழிந்த இலை, பொடி வெள்ளைப் பூ. பார்த்தீனியம். எங்கள் பக்கத்துக்குப் புதிதாக வந்து பரவிக்கொண்டிருந்த களை.

“எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வாசல்ல இதேதாங்க இருந்துச்சு. வாசம்தான் இல்ல. இந்த ஊரு வெயிலுக்குப் போயிருச்சாக்கும்னு நெனச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் விட்டது. பகலெல்லாம் அவள் வெறுங்கையால் பிடுங்குவதே அந்தக் களையைத்தான். முதல் தரம் வந்தபோது சட்டை மறைத்த இடத்தில் ஒரு பொட்டுக்கூட இருக்கவில்லை. பகலில் பிடுங்கி, பின்னேரம் அதையே அவித்துக் குளித்திருக்கிறாள், பாவி!

அந்தச் செடி இருக்கிற பக்கமே போகாதே என்றேன். வெறும் பச்சைத் தண்ணீரும் ஈரத்துணியும் தேங்காய் எண்ணெயும்தான் வைத்தியம். மெல்ல மெல்ல வீக்கம் வற்றியது, கண் திறந்தது.

திறந்த கண்ணைக் கண்டும் பரமேசக்கா அசையவில்லை. “நானும்தானே அந்தப் புல்லைப் பிடுங்குறன். எனக்கேன் ஒண்டும் வரேல்லை?”

நல்ல கேள்விதான். பத்துப்பேருக்கு ஒன்றும் செய்யாத பொருளை ஒருவரின் உடம்பு மட்டும் எதிரியென்று நினைத்துச் சண்டைக்குப் போவதுதான் ஒவ்வாமை. இதை நான் எத்தனை விதமாகச் சொல்லியும் அவா தலையாட்டவில்லை.

3. இரண்டு கால்கள்

“என் கால்ல வச்சுக் கட்டுங்க மிஸ்ஸி. அவங்க கண்ணால பாக்கட்டும்,” என்றாள் தெய்வானை.

“விசரே உனக்கு? இப்பதானே ஆறினது!”

“சொறி போயிரும். வேல போனா வராதுங்க.”

அவள் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் கசக்கிய இலைத்துண்டு ஒன்றை அவளுடைய கெண்டைக்காலில் வைத்துக் கட்டினேன். அதே செடியில் இன்னொரு துண்டை என் காலிலும் கட்டினேன். மூச்சு இழுத்தாலோ உதடு வீங்கினாலோ அந்த நிமிடமே ஓடிவரச் சொன்னேன். இளம் மிசிமார் இதைக் கேளுங்கள்: அந்த இரண்டும் வந்தால் இலை குழையோடு மினக்கெடாமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட வேண்டும். எண்ணெயும் ஈரத்துணியும் சொறிக்குத்தான். அதோடு, எந்தக் கை மருந்து சொன்னாலும், “வேறென்ன போட்டனீங்கள்?” என்று இரண்டு தரம் கேளுங்கள். முதல் தரம் “ஒண்டுமில்லை” என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு நாளால் கிணற்றடியில், தண்ணீருக்கு வந்த பெண்கள் எல்லோரும் பார்க்க, கட்டுகளை அவிழ்த்தோம். என் கால் சும்மா கிடந்தது. அவள் காலில் அந்த இலைத்துண்டின் அளவுக்கு மட்டும் சிவந்து கொப்பளித்திருந்தது.

பரமேசக்கா குனிந்து என் காலைப் பார்த்தா, அவள் காலைப் பார்த்தா. பிறகு அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தா.

“எரியுதோ பிள்ளை?”

“ஆமாங்க.”

“நாளைக்கு மிளகாய்ப் பாத்திக்கு வாய்க்கால் தண்ணி மாற வாவன். அந்தப் புல்லை நான் பிடுங்குறன்.” சொல்லிக்கொண்டே வாளிக் கயிற்றை அவளுடைய கையில் கொடுத்தா.

தெய்வானை முதல் வாளியைக் குடத்தில் ஊற்றவில்லை. அந்த இடத்திலேயே, சேலையோடு, தன் தலையில் ஊற்றிக்கொண்டாள்.